பூமயில் மிஸ்ஸும் பச்சை பீரோவும்

அந்த ஃபைலைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவர் நாகநாதன்தான். யாரும் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் கும்பிட்டபடி கொடுத்தார். இன்றைக்குப் பூமயில் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் இங்கிருந்துதான் தொடங்குவாள். அதைப் போய்ச் சொல்லலாமா, அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்காதா என்று சிலர் அவள் காதோடு சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்கு அதில் கூச்சம் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாகநாதனுக்கும் இல்லை.

நாகநாதன் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவர். வீடு உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே ஏனம் வைத்துப் பிடிக்க வேண்டும். மழை இல்லாத மாதங்களில் உப்புக் காற்று. சுவரில் அடித்த ஆணி அடுத்த வருஷம் துருவாக உதிர்ந்துவிடும். அந்த வீட்டிலிருந்துதான் பூமயில் எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தாள். அந்தக் குடியிருப்பில் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஒரு மூலை முன்பு ஒரு மழையில் ஊறி மை பரவிவிட்டது. அன்றிலிருந்து மழை வந்தால் நாகநாதன் முதலில் அரிசியை நகர்த்த மாட்டார். மகளின் சான்றிதழ்களைத்தான் நகர்த்துவார். பாலிதீன் பையில் சுற்றி, அதை உரச் சாக்கில் சுற்றி, பரணுக்கு மேலே, கட்டிலுக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னாலே என்று அவை அந்த வீட்டில் குடிபெயராத இடமில்லை.

கீழக்கரை போகிற சாலையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவரும் கூடப் போனார். தாளாளர் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பச்சை வண்ண இரும்பு பீரோ நின்றது. நாகநாதன் அந்த பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, எங்க வீடு ஒழுகுற வீடு," என்றார். "இதெல்லாம் இங்கனயே இருக்கட்டும். உங்க பீரோவுல இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

தாளாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பூமயிலுக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது. கேட்டு வாங்க நினைத்ததை, இவர் கும்பிட்டுக் கொடுத்திருந்தார்.

அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்கிற எல்லோருடைய ஒரிஜினலும் பச்சை பீரோவுக்குள் போய்விடும். அது எழுதப்படாத வழக்கம். பாதியில் வேறு பள்ளிக்குப் போய்விடக் கூடாது அல்லவா, அதற்குத்தான். போகிறேன் என்று யாராவது சொன்னால் வருஷம் முடியட்டும் என்பார் தாளாளர். அவருடைய வருஷம் எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. ஏப்ரலில் பரீட்சை முடிந்தால், மே மாதம் டீச்சர்கள் குடையும் நோட்டீஸுமாக ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். அது முடிந்தால் ஜூன் வந்துவிடும்.

பூமயிலும் போனாள். பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்க, கொளுத்துகிற வெயிலில் நின்று உப்பளக் கூலியிடம், 'உங்க பிள்ளைய எங்க பள்ளிக்கூடத்துல சேருங்க' என்று சொல்வதற்கு அவளுக்கு நாக்கு கூசும். சொல்லிவிட்டு வருவாள். காலையில் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள், பகலெல்லாம் கணக்கு நடத்துவாள், சாயங்காலம் மறுபடியும் வேன். ராத்திரி தன் படிப்பு. ஒரு முறை தவறி, மறுமுறை அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் பாஸானாள். மே மாதம் ஒரு வியாழக்கிழமை மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினலோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் வாய்ப்பு அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக்கு மூன்று வாரம் இருக்கும்போது தாளாளரிடம் போய் நின்றாள். வாழ்த்துச் சொன்னார். காபி கொடுக்கச் சொன்னார். பீரோவை மட்டும் திறக்கவில்லை. "ஜூன்ல ஸ்கூல் தொறக்குது, கணக்குக்கு ஆளுக்கு நான் எங்க போவேன்? உங்கப்பாவே கேட்டு வச்சுட்டுப் போனது இது. நானா புடுங்குனேன்?" என்றார்.

காவல் நிலையத்திலும் அதையேதான் கேட்டார்கள். பிடுங்கினாரா? இல்லை. திருடினாரா? இல்லை. நீங்களே கொடுத்தீர்களா? ஆமாம். அப்படியானால் பேசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது வர மாதக்கணக்காகும் என்றார் எழுத்தர். தொலையவில்லையே சார், அது இருக்கிற இடம் எனக்குத் தெரியுமே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அதைச் சொன்னபோது சமூக அறிவியல் டீச்சர் அம்ரீன் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். கீழக்கரைக்காரி. வாய் கொஞ்சம் அதிகம்தான். அவள் புருஷன் துபாயில். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இவளுக்கு வேலை பேசியிருந்தார்கள்.

"உங்களுக்கு மட்டுமா மிஸ்? டிகிரிய அட்டெஸ்ட் பண்ணணும், ஒரிஜினலக் குடுங்க சார்னு கேட்டேன். 'ஏம்மா, புருஷன் வீட்டுக்குப் போறதுக்கு பி.ஏ. எதுக்கு'ன்னாரு. அல்லாவே, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு..." என்று நிறுத்தி, மறுபடி டிபன் பாக்ஸைத் திறந்தாள். "ஆத்திரம் வந்து என்ன செய்ய? பீரோவைத் தூக்கிட்டா போக முடியும்?"

தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் எல்லோரும் சேர்ந்து கேட்கலாமே என்று பூமயிலுக்குத் தோன்றியது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை அம்ரீன் வீட்டில் டீச்சர்கள் கூடினார்கள். அவள் அவித்து வைத்திருந்த வட்டிலப்பம் இனிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது துண்டும் வாங்கினார்கள். திங்கள்கிழமை எல்லோருமாகப் போய்க் கேட்பது என்று முடிவானது. திங்கள்கிழமை காலை தாளாளர் வராந்தாவில் நின்றுகொண்டு, "வட்டிலப்பம் எப்படி இருந்துச்சு?" என்றார். டீச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள். போய்க் கேட்டது பூமயிலும் அம்ரீனும் மட்டும்தான்.

அடுத்து ராமநாதபுரத்துக்கு, தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "டீச்சருங்க எல்லாம் தொழிலாளி கணக்குல வர மாட்டீங்கம்மா. உங்களுக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. வேன் டிரைவரு, ஆயா, இவங்க யாராவது உங்ககூட இருக்காங்களா? அவங்க வருவாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் பூமயிலுக்குக் கோபம் கோபமாக வந்தது. அது எதற்காக என்று யோசித்துப் பார்த்தபோது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. கூலிக்காரனின் மகள், கூலிக்காரி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவும் படித்தாள். வெள்ளைக் கோடு போட்ட புடவை கட்டி வேனின் முன்சீட்டில் ஏறி உட்காரும்போதெல்லாம் அந்த நினைப்பு இருக்கும். இப்போது ஒருவர் வந்து, நீ தொழிலாளி இல்லை என்கிறார். அப்படியானால் விடியற்காலையிலிருந்து இருட்டுகிற வரைக்கும் நான் செய்வதற்கு என்ன பெயர்? அய்யா பலகை பிடித்து உப்பு வாருகிறார். மேஸ்திரி ஒரு வார்த்தை கூடப் பேசினால் அவருக்குக் கேட்க ஒரு சங்கம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

சாயங்காலம் நேரே வேன் ஷெட்டுக்குப் போனாள். அவள் போய்வரும் வேனின் டிரைவர் தங்கப்பாண்டி ஸ்டெப்னியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில், வேனில் பாட்டுப் போடுகிறார் என்று அவரைப் பற்றி ஆபீஸில் புகார் சொன்னவள் இவள். அவர் எழுந்திருக்கவில்லை.

"இப்பத்தான் டிரைவரு கண்ணுக்குத் தெரியுறானாக்கும்?" என்றார்.

தெரிகிறது அண்ணே என்றாள். பாட்டு விஷயமாகப் புகார் சொன்னது நான்தான் என்றும் சொன்னாள். அது எங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்றார் அவர். அதற்குப் பிறகுதான் இன்னொரு டீ வரவழைத்தார்.

டிரைவர்களின் லைசென்ஸ் ஒரிஜினலும் அதே பச்சை பீரோவில்தான் இருந்தது. ஜெராக்ஸை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். தேவிபட்டினம் ரோட்டில் போலீஸ் மறித்தால் ஜெராக்ஸுக்கு அபராதம். அதைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். வருஷத்தில் ஒரே ஒரு நாள் லைசென்ஸ் அவர்கள் கைக்கு வரும். ஒவ்வொரு மே மாதமும் மாவட்டத்துப் பள்ளி வேன்களை எல்லாம் ராமநாதபுரத்தில் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. சோதிப்பார். டிரைவர் ஒரிஜினல் லைசென்ஸோடு நிற்க வேண்டும். பாஸான வேனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் இல்லாத வேன் ஜூனில் ஓட முடியாது. அன்று காலையில் தாளாளர் பீரோவைத் திறந்து லைசென்ஸைக் கொடுப்பார். சாயங்காலம் வேன் திரும்பியதும் சாவியோடு லைசென்ஸையும் வாங்கி வைத்துவிடுவார். இந்த வருஷம் அந்த நாள் சனிக்கிழமை வந்தது. பூமயிலின் வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து.

சங்கம் அந்த ஷெட்டில்தான் பிறந்தது. முதல் கையெழுத்துப் போட்டவள் ஆயா லத்தீபா. ஏர்வாடிக்காரி, குட்டிப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விடுகிறவள். "எனக்குத்தான் ஒரு சர்டிபிகேட்டும் இல்லையே. என்னைய எதை வச்சுப் புடிப்பாரு?" என்று கேட்டுவிட்டு, முக்கி முக்கித் தன் பெயரை எழுதினாள்.

டீச்சர்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வட்டிலப்பம் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குப் பயம். மீதிப் பேருக்கு, டிரைவரோடும் ஆயாவோடும் ஒரே சங்கமா என்ற மனத்தாங்கல். இந்தி டீச்சர் அதை வாய்விட்டே சொன்னாள். அம்ரீன் அவளை விடவில்லை.

"நீங்க தரம் பிரிக்கிறீங்க மிஸ். அந்த பீரோ பிரிக்கலையே. உங்க எம்.ஏ.யும் தங்கப்பாண்டி அண்ணன் லைசென்ஸும் ஒரே தட்டுலதான் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக் கெடக்கு."

சிரிப்பு வந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். சங்கத்துக்குப் பெயர் வைக்கும்போது 'பணியாளர்' என்று போடுவோம், மரியாதையாக இருக்கும் என்றார்கள். 'தொழிலாளர்' என்றுதான் இருக்க வேண்டும் என்று பூமயில் நின்றாள். அப்படியே ஆனது. அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: எல்லோருடைய ஒரிஜினலும் அவரவர் கைக்கு வர வேண்டும்.

புதன்கிழமை தாளாளர் ஃபோன் போட்டார். பூமயிலுக்கு அல்ல, நாகநாதனுக்கு.

நாகநாதன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, குளித்து, அதே சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளோடு போனார். மேசைமேல் ஃபைல் இருந்தது. பக்கத்தில் டைப் அடித்த ஒரு தாள். சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், மற்றவர்கள் சான்றிதழ் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அதில் இருந்தது.

"நீங்க குடுத்தது குடுத்தபடி இருக்கு நாகநாதன். ஒரு கறை கெடையாது," என்றார் தாளாளர். "நாளைக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. பிள்ளை கவர்மென்ட் டீச்சராகட்டும். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

நாகநாதனின் இரண்டு கைகளும் மேசையை நோக்கி நீண்டன. பூமயில் அந்தக் கைகளைப் பார்த்தாள். உப்புத் தின்று வெடித்த கைகள். அவள் எழுதிய ஒவ்வொரு பரீட்சையும் அந்தக் கைகளுக்குள் இருந்துதான் வந்தது.

"மத்தவங்களோடது சார்?" என்று கேட்டாள்.

"அவங்க கதை உனக்கு எதுக்கும்மா? நீதான் நாளைக்குப் போயிருவியே."

"நாளைக்குத்தான சார் போவேன். இன்னைக்கு நான் செயலாளர்." அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அய்யா, வேணாம். வாங்க போகலாம்."

"தாயி..." என்றார் நாகநாதன். நீட்டிய கைகள் அப்படியே மடங்கின.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் முன்னால் போனார், இவள் பின்னால் போனாள். நிழலே இல்லாத ஸ்டாப். ஏர்வாடி பஸ் ஒன்று நிற்காமல் போன பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். குரல் தணிந்துதான் இருந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது.

"நீ யாருக்காகத் தாயி படிச்ச? அந்த டிரைவருக்காகவா?"

"எனக்காகத்தான்யா படிச்சேன். என்னோடதையே எனக்குப் பிச்சையாப் போடுறாரு. அதுவும் அத்தனை பேரையும் காட்டிக் குடுத்தாத்தான் பிச்சை. அதை வாங்கிட்டுப் போயி எந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்க?"

அவர் அடுத்து வந்த பஸ்ஸில் முன்பக்கமாக ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. மதுரை பஸ் போகிற நேரத்துக்குப் பூமயில் வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளித்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தெளித்தாள். அன்று உப்பளத்தில் நடந்ததை, அங்கேயே நாகநாதனோடு வேலை செய்யும் பூமயிலின் அம்மா சாயங்காலம் வந்து சொன்னாள். மகளுக்கு இன்றைக்கு மதுரையில் அல்லவா என்று காலையில் கேட்டவர்களிடம், அவளுக்குக் காய்ச்சல் என்று நாகநாதன் சொல்லியிருக்கிறார். கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது பொய் தொண்டையில் இறங்கவில்லை போலிருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிட்டார். அப்போ மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்தா நிற்கிறாள் உன் மகள் என்று ஒருவர் கேட்டார். ஆமா என்றார் நாகநாதன். சங்கம் வைத்து நிற்கிறவளை அந்தப் பள்ளிக்கூடத்துக்காரன் விலை பேசினானா என்று இன்னொருவர் கேட்டார். ஆமா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, அடுத்த உப்புப் பாத்திக்காரர்களைக் கூப்பிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

"சொல்லச் சொல்ல ஒங்கய்யாவுக்குச் சத்தம் ஏறிக்கிட்டே போகுது," என்றாள் அம்மா. "மேஸ்திரி என்ன இங்கன கூட்டம்னு வந்துட்டாக. அவுகளுக்கும் சேத்துச் சொன்னாரு."

சனிக்கிழமை காலை, காக்கிச் சட்டை போட்ட டிரைவர்கள் ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். வேன்களைக் கழுவி, சந்தனம் வைத்து, முதலுதவிப் பெட்டி எல்லாம் மாட்டித் தயாராக நிறுத்தியிருந்தார்கள். தாளாளர் பீரோவைத் திறந்து லைசென்ஸ்களை எடுத்துக்கொண்டு, பீரோவைப் பூட்டிவிட்டு வந்தார். முதலில் தங்கப்பாண்டியைக் கூப்பிட்டு நீட்டினார். தங்கப்பாண்டி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மிஸ்ஸுங்க ஃபைலும் வரட்டும் சார். சேத்து வாங்கிக்கிறோம்."

"அது வேற, இது வேற பாண்டி. நேரமாகுது."

"பீரோ ஒண்ணுதான சார்."

அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். அவரும் கையைக் கட்டிக்கொண்டார். அதற்கடுத்தவரும். லத்தீபா போய் முதல் வேனின் படியில் உட்கார்ந்துகொண்டாள். அட்மிஷன் வேலைக்காக வந்திருந்த டீச்சர்கள் நோட்டீஸ் கட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, கொடிக்கம்பத்தடியில் பூமயிலோடு நின்றார்கள். இந்தி டீச்சரும் நின்றாள். யாரும் கோஷம் போடவில்லை.

தாளாளர் ஃபோனை எடுத்து வேறு டிரைவர்களுக்குச் சொல்லிப் பார்த்தார். மாவட்டத்தில் உள்ள பள்ளி டிரைவர் அத்தனை பேரும் அன்றைக்கு அதே மைதானத்தில் நின்றார்கள். யார் வருவார்? முகம் சிவந்து, எல்லோரையும் இந்த நிமிஷமே டிஸ்மிஸ் பண்ணுகிறேன் என்றார்.

"பண்ணுங்க சார்," என்றார் தங்கப்பாண்டி. "லைசென்ஸைக் கையில குடுத்துத்தான டிஸ்மிஸ் பண்ணணும்."

கொடிக்கம்பத்தடியில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அம்ரீனாகத்தான் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் நாகநாதன் வந்தார். இந்த முறை சலவைச் சட்டை இல்லை. பாத்தியிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் உப்புக் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. வருவார் என்று பூமயிலுக்கே தெரியாது. அவளைக் கடந்து, டிரைவர்களைக் கடந்து, நேரே ஆபீஸுக்குள் போனார். இதற்கு முன் இரண்டு முறையும் அந்த அறையில் அவர் நின்றுதான் பேசினார். இப்போது மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தரையில் உப்பு உதிர்ந்தது. பின்னாலேயே வந்த தாளாளர் தன் அறையில் தானே நிற்கும்படி ஆனது.

"வச்சவன் நான்தானய்யா. எடுக்கவும் வந்துட்டேன்," என்றார் நாகநாதன். "எங்க வீட்ல மழை ஒழுகுனா நான் பாத்துக்கிறேன். பீரோவைத் தொறங்க. எம்மகளோடது மட்டும் இல்ல, எல்லாத்தையும் எடுங்க."

தாளாளர் ஜன்னல் வழியாக வேன்களைப் பார்த்தார். மைதானத்தில் ஆர்.டி.ஓ. மதியம்வரைக்கும்தான் இருப்பார். ஸ்டிக்கர் இல்லாத வேனில் எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள்? சாவிக்கொத்தை எடுத்தார்.

ஒவ்வொரு ஃபைலாக வெளியே வந்தது. பெயர் சொல்லிப் பூமயில் வாங்கி வாங்கிக் கொடுத்தாள். சிலர் அங்கேயே பிரித்துப் பார்த்தார்கள், சிலர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அம்ரீன் தன்னுடையதை முகர்ந்து பார்த்துவிட்டு, பாச்சா உருண்டை நாற்றம் என்றாள். டிரைவர்கள் லைசென்ஸைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினார்கள். பூமயிலின் ஃபைல் கடைசியில் வந்தது. அவள் அதை வாங்கவில்லை, அப்பாவைக் காட்டினாள். நாகநாதன் வாங்கிப் பிரித்தார். எம்.எஸ்சி. பட்டத்தின் தலையில் மாட்டியிருந்த கிளிப் துருப்பிடித்து, கிளிப்பின் உருவம் அப்படியே காவி நிறத்தில் தாளில் பதிந்திருந்தது. உப்புக் காற்று அந்த பீரோவுக்குள்ளும் போயிருந்தது. ஒரு கறை கிடையாது என்ற மனிதரை நாகநாதன் நிமிர்ந்து பார்த்தார். ஃபைலை மூடினார்.

வேன்கள் புறப்பட்டுப் போயின. ஸ்டிக்கரோடு திரும்பின. அன்று சாயங்காலம் சாவியை மட்டும் ஆபீஸில் கொடுத்தார்கள்.

பூமயிலுக்கு அந்த அரசு வேலை போனது போனதுதான். மதுரைக்கு எழுதிப் பார்த்தாள். வராதவர்கள் வராதவர்களே என்று பதில் வந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது, தானாகவே ஓடிவிடுவாள் என்று தாளாளர் அவளுக்கு எல்.கே.ஜி. வகுப்பைக் கொடுத்தார். எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் குட்டிப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். லத்தீபா மூக்குச் சிந்தி விட்டாள். இரண்டு பேரும் போகவில்லை. அரையாண்டுக்குள் பத்தாம் வகுப்புப் பெற்றோர்களே வந்து சத்தம் போட்டு அவளைக் கணக்குக்குத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அம்ரீன் துபாய் போய்விட்டாள். சந்தாவை அங்கிருந்து அனுப்புகிறாள். மண்டபம் பக்கம் இரண்டு பள்ளிகளில் சங்கத்துக்குக் கிளை இருக்கிறது. வேறு ஊர்களிலிருந்தும் டீச்சர்கள் ஃபோனில் கூப்பிடுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் பூமயில் சொல்வது ஒன்றுதான்: ஒரிஜினலைக் காட்டு, ஜெராக்ஸைக் கொடு. தாளாளர்கள் கூட்டத்தில் அவளைக் கலகக்காரி என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. அடுத்த அரசுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த வேலையையும் வாங்குவாள், அங்கே போயும் சங்கத்தில்தான் இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை ஃபைல் வீடு வந்து சேர்ந்த கதை ஒன்று பாக்கி இருக்கிறது.

பஸ்ஸில் நாகநாதன் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் என்ன பெரியவரே என்று கேட்டதற்கு, எம்மகளோட படிப்பு என்றார். வீட்டுக்கு வந்ததும் பழைய கேள்வி எழுந்து நின்றது: எங்கே வைப்பது? கூரையை அண்ணாந்து பார்த்தார். பரணைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய் நீல டிரம்மை நகர்த்திக்கொண்டு வந்தார். திருகு மூடி போட்ட, கெட்டியான டிரம். லாரியில் நல்ல தண்ணீர் வரும்போது பிடித்து வைக்கிற டிரம். அந்தக் குடியிருப்பில் பவுன் இல்லாத வீடு உண்டு, நீல டிரம் இல்லாத வீடு கிடையாது. இருந்த தண்ணீரைக் குடங்களில் ஊற்றினார். துணியால் உள்ளே துடைத்தார். வெயிலில் கவிழ்த்து வைத்து, காய்ந்த பிறகு கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபைலை உள்ளே இறக்கி, மூடியை இறுக்கித் திருகினார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. லாரி வந்தால் தண்ணியை எதில் பிடிப்பதாம் என்று கத்தினாள்.

"குடத்துல புடி," என்றார் நாகநாதன். டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "குடம் ஒழுகுனா தண்ணிதான போகும்."